வெட்டுமுகம் காட்டும் மரம்

கொழும்பு கொட்டாஞ்சேனையிலுள்ள என் கடைச்சல் பட்டறைக்கு வரும் மரங்களில் பெரும்பாலானவை பெயரோடு வருவதில்லை. இடித்த வீடுகளின் வளைகள், நிலைகள், முறிந்த கதிரைக் கால்கள் என்று வந்து சேர்கின்றன. மரக்காலையில் சொல்லப்படும் பெயரையும் அப்படியே ஏற்க முடியாது. 'மாரா' என்ற ஒரே சிங்களப் பெயருக்குள் வாகையும் தூங்குமூஞ்சி மரமும் அடங்கிவிடுகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் வெள்ளவத்தையிலிருந்து ஓர் அம்மா, தம் மாமியார் காலத்துச் சாய்மனைக் கதிரையின் முறிந்த காலைக் கொண்டுவந்தார். அதன் கரும்பழுப்பு நிறத்தைக் கண்டதும் தேக்கு என்று முடிவுசெய்து, தேக்கிலேயே புதுக்கால் கடைந்து, மெருகேற்றிக் கொடுத்தேன். அவர் பழைய காலையும் புதிய காலையும் மாறிமாறித் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, நிறம் ஒண்டுதான், ஆனா இது வேற மரம்" என்றார். எனக்கு மிகுந்த வெட்கமாக இருந்தது.

அன்று மாலை முறிந்த துண்டின் குறுக்கு முகத்தைச் சவர அலகால் ஒரே இழுவையில் சீவி, நீர் தொட்டு, பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லையால் பார்த்தேன். தேக்காக இருந்திருந்தால் ஒவ்வொரு வளர்ச்சி வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசையாக நின்றிருக்கும். இங்கோ பெரிய துளைகள் ஒழுங்கின்றிச் சிதறியிருந்தன. ஒவ்வொன்றைச் சுற்றியும் வெளிறிய திசு படர்ந்திருந்தது. சீவிய இடத்தில் மஞ்சள் தலைகாட்டியது. அது பலா. வெட்டிய புதிதில் மஞ்சளாக இருக்கும் பலா, வெளிச்சமும் காற்றும் பட்டு ஆண்டுக்கணக்கில் பழுப்பேறுவதை அறிந்திருந்தும், அறிந்ததை நினைக்காமல் நிறத்தை நம்பியதே என் பிழை. பலாவிலேயே மீண்டும் கடைந்தேன். மஞ்சளை மறைக்கச் சாயம் பூசவில்லை, காலம் செல்ல அதுவே கறுக்கும் என்று சொல்லிக் கொடுத்தேன்.

அதன்பின் நிறத்தைக் கடைசியாகவே பார்க்கிறேன். எடையையும் முழுதாக நம்புவதில்லை, ஈரம் காயாத மரம் கையை ஏமாற்றும். முதிரையின் துளைகள் வெறுங்கண்ணுக்குப் பிடிபடாத அளவு நுண்ணியவை. அதன் தூள் சிலருக்குத் தோலில் தடிப்பை உண்டாக்குவதால், சந்தேகமான துண்டைக் கடையும்போது முகக்கவசத்தைக் கழற்றுவதில்லை. வேங்கை என்று ஐயப்பட்டால் சீவலை நீரில் ஊறவைத்து வெயிலில் பிடிக்கிறேன். நீல ஒளிர்வு தெரிந்தால் அது வேங்கையாகவோ அதன் பேரினத்து வேறொரு மரமாகவோ இருக்கக்கூடும்.

இவற்றுக்குப் பிறகும் பிடிபடாதவை உண்டு. அகன்ற இலை மரங்களை இனங்காண 1989 இல் வெளியான சர்வதேசப் பட்டியலில் 163 கூறுகள் உள்ளன. அவற்றில் பல நுண்நோக்கிக்கே தெரிபவை, என் கைவில்லைக்கு எட்டாதவை. சென்ற வாரம் கடைந்த கரிய கிண்ணத்தைப் பார்த்த ஒருவர் "கருங்காலியா?" என்று ஆவலோடு கேட்டார். கருங்காலி என்றிருந்தால் கூடிய விலைக்கே வாங்கியிருப்பார். அதன் அடியில் ஒட்டிய சீட்டில் 'பெயர் தெரியாத மரம்' என்றே எழுதியிருக்கிறேன். வெட்டுமுகம் சீவிய ஒரு துண்டையும் மேசை இழுப்பறையில் எடுத்து வைத்திருக்கிறேன்.