வேட்பாளர் செலவுக் கணக்கு: வாங்கும் மேசையிலிருந்து சில குறிப்புகள்

2023 பிப்ரவரியில் நடந்த ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் களத்தில் நின்றவர்கள் 77 பேர். ஒரு வாக்குச்சாவடிக்கு எத்தனை இயந்திரம் வைப்பது என்று ஊரெல்லாம் பேசியது. மாவட்ட தேர்தல் அலுவலகத்தின் செலவினப் பிரிவில் இருப்பவருக்கு அந்த எண்ணின் பொருளே வேறு. வேட்பாளர்கள் எழுதும் 77 செலவுப் பதிவேடு, அதே செலவை நம் ஆட்கள் நேரில் பார்த்துத் தனியாக எழுதும் 77 நிழல் பதிவேடு, பிரச்சாரம் முடிவதற்குள் ஆளுக்கு மூன்று முறை என்று 231 சரிபார்ப்பு, முடிவு வந்தபின் ஒவ்வொருவரைப் பற்றியும் ஆணையத்துக்கு அறிக்கை. மூன்று மேடை போட்ட பெரிய கட்சி வேட்பாளருக்கும், ஒரு நோட்டீஸ்கூட அடிக்காத சுயேச்சைக்கும் அதே தாள்கள்தான்.

தேர்தல் ஆணையத்தின் தகுதி நீக்கப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் ஒன்று புரியும். உச்சவரம்பைத் தாண்டிச் செலவழித்தார் என்று பெயர் வந்தவர்கள் அதில் அரிது. பெரும்பாலோர் கணக்கே கொடுக்காதவர்கள், அல்லது முறைப்படி கொடுக்காதவர்கள். ஆகவே புதிதாக இந்தப் பிரிவுக்கு வருபவர் தன் நேரத்தைப் பெரிய செலவாளிகளின் பின்னால் மட்டும் ஓட்டிவிடக் கூடாது. செலவே செய்யாதவரிடம் அந்தப் பூஜ்யத்தை எழுதி வாங்குவதும் அதே அளவு வேலை.

1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 77-வது பிரிவுப்படி, வேட்புமனு தாக்கல் செய்த நாளிலிருந்து முடிவு அறிவிக்கும் நாள்வரை, இரண்டு நாளையும் சேர்த்து, வேட்பாளரோ அவருடைய தேர்தல் முகவரோ செய்த, செய்யச் சொன்ன எல்லாச் செலவுக்கும் தனிக் கணக்கு வேண்டும். தேர்தல் அறிவித்த தேதிக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனால் கொடியும் துண்டும் மனுத்தாக்கலுக்கு முன்பே வாங்கி வைத்திருந்தாலும், பயன்படுத்தியது இந்தக் காலத்துக்குள் என்றால் கணக்கில் ஏறியாக வேண்டும். 2022 ஜனவரித் திருத்தத்துக்குப் பின் தமிழ்நாட்டில் சட்டமன்றத் தொகுதிக்கு உச்சவரம்பு 40 லட்சம், மக்களவைக்கு 95 லட்சம். புதுச்சேரியில் 28 லட்சம், 75 லட்சம். 2021 தேர்தலில் இங்கே சட்டமன்றத்துக்கு 30.80 லட்சமாக இருந்தது. அந்தக் காலத்து வழிகாட்டித் தாள்கள் இன்னும் சிலர் கையில் சுற்றுகின்றன. பார்த்தால் வாங்கி ஓரமாக வைத்துவிடுங்கள்.

மனுத்தாக்கல் அன்றே தேர்தல் நடத்தும் அலுவலர் பக்க எண் இட்ட பதிவேட்டைக் கொடுப்பார். வெள்ளைப் பக்கம் அன்றாடச் செலவு, இளஞ்சிவப்புப் பக்கம் ரொக்கம், மஞ்சள் பக்கம் வங்கி. இந்த மூன்று நிறத்தையும் ஐந்து நிமிடம் உட்கார வைத்து விளக்கினால் பின்னால் ஐந்து நோட்டீஸ் மிச்சமாகும். வேட்பாளரைவிட, கணக்கு எழுதப்போகிற ஆளை அழைத்து விளக்குவது நல்லது. பெரும்பாலும் அது கட்சி அலுவலகத்துத் தம்பியோ ஆடிட்டரின் உதவியாளரோதான்.

தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு, மனுத்தாக்கலுக்கு ஒரு நாள் முன்பாவது, தொடங்கியிருக்க வேண்டும். பழைய சேமிப்புக் கணக்கைக் காட்டுவது செல்லாது. தேர்தல் முகவரோடு கூட்டாகத் தொடங்கலாம். முகவர் அல்லாத மனைவியோடோ அண்ணனோடோ கூடாது. வேட்பாளரின் கைக்காசாகவே இருந்தாலும் முதலில் இந்தக் கணக்கில் போட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். இங்கே வழக்கமாக மாட்டுவது காசோலைப் புத்தகம். கணக்கு தொடங்கிவிடும், புத்தகம் கைக்கு வரத் தாமதமாகும், அதற்குள் பந்தல்காரருக்கு ரொக்கமாகக் கொடுத்துவிடுவார்கள். புத்தகம் வரும்வரை இணையவழிப் பரிமாற்றம் அல்லது வரைவோலை என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

ரொக்க வரம்பு 10,000 ரூபாய். 2018 வரை 20,000. பலரும் இதை ஒரு நாளைக்கு என்று புரிந்துகொள்கிறார்கள். ஒரு நபருக்கோ நிறுவனத்துக்கோ மொத்தத் தேர்தல் காலத்துக்கும் சேர்த்துத்தான் இந்த வரம்பு. ஒரே டீக்கடைக்குத் தினம் 2,500 என்று ஐந்து நாள் கொடுத்தால் ஐந்தாம் நாள் மீறல் ஆகிவிடும். தனித்தனி பில்லாக இருப்பதால் மேலோட்டப் பார்வையில் கண்ணில் படாது. இளஞ்சிவப்புப் பக்கத்தில் பெறுபவர் பெயர்வாரியாகக் கூட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

அடுத்தது விலைப்பட்டியல். மாவட்ட தேர்தல் அலுவலர் கட்சிகளைக் கூட்டிப் பேசி முடிவு செய்வது. பிளாஸ்டிக் நாற்காலி, ஷாமியானா, மைக் செட், ஜெனரேட்டர், பிளக்ஸ், சால்வை, தாரை தப்பட்டை, டாடா ஏஸ், சாப்பாட்டுப் பொட்டலம், டீ, வடை எல்லாம் இதில் வரும். விலை என்ன என்பதைவிட அலகு என்ன என்பதில்தான் பின்னால் சண்டை வரும். ஜெனரேட்டர் வாடகை மணிக்கா நாளுக்கா, டீசல் சேர்த்தா சேர்க்காமலா? வண்டி வாடகையில் டிரைவர் பேட்டாவும் எரிபொருளும் அடக்கமா? பிளக்ஸுக்குச் சதுர அடி விலையில் கட்டுக்கம்பும் கூலியும் உண்டா? பட்டியலிலேயே இதை எழுதிவிடாத மாவட்டத்தில் ஒவ்வொரு சரிபார்ப்பும் பேரம் பேசும் இடமாகிவிடும். நண்பர் இலவசமாகக் கொடுத்தார் என்றாலும் பட்டியல் விலை உத்தேச மதிப்பாக ஏறும். வரிசையாகக் குறைந்த விலையில் பில் கொண்டுவந்தால் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுப் பதிவது நல்லது.

நிழல் பதிவேட்டுக்கு வருவோம். இதை எழுதுவது கணக்குக் குழு, மேற்பார்வை உதவி செலவினப் பார்வையாளர். தகவல் வருவது பறக்கும் படை, வீடியோ கண்காணிப்புக் குழு, ஊடகக் கண்காணிப்புக் குழு ஆகியவற்றிலிருந்து. வீடியோ எடுப்பவர் கல்யாண வீடியோ பழக்கத்தில் தலைவர் முகத்தையே சுற்றிச் சுற்றி எடுப்பார். நமக்கு அந்த முகம் வேண்டாம். தொடக்கத்திலேயே நாள், இடம், வேட்பாளர் பெயர், நிகழ்ச்சி ஆகியவற்றைக் குரலில் பதிய வேண்டும். பிறகு மேடையின் நீள அகலம், நாற்காலி எத்தனை வரிசை, வரிசைக்கு எத்தனை, வண்டிகளின் பதிவெண், கட்டவுட் எத்தனை, ஒலிபெருக்கி எத்தனை என்று சொல்லிக்கொண்டே எடுக்க வேண்டும். அன்றைக்கே அதை வீடியோ பார்வையிடும் குழு போட்டுப் பார்த்து எண்ணிக் கொடுத்தால்தான் மறுநாள் பதிவேட்டில் ஏறும். மூன்று நாள் காட்சியைச் சேர்த்துவைத்துப் பார்த்தால் எந்தக் கூட்டம் எந்த ஊரில் என்று எடுத்தவருக்கே மறந்துபோகும். ஒவ்வொரு பதிவுக்கும் எதிரே சான்றுக் கோப்பின் வரிசை எண்ணைக் குறித்துவிடுங்கள். குறுந்தகடு எண் இல்லாத பதிவு, வேட்பாளரின் வழக்கறிஞர் எழுந்து நின்றதும் விழுந்துவிடும்.

மக்களவைத் தேர்தலில் இது ஆறு மடங்கு. தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதிக்கு ஆறு சட்டமன்றப் பகுதிகள், ஒவ்வொன்றிலும் தனிக் கணக்குக் குழு. ஆறும் சேர்ந்த கூட்டுத்தொகை அன்றன்று வரவில்லை என்றால் சரிபார்ப்பு நாளில் வேட்பாளரின் ஒரே பதிவேட்டை எதனோடு ஒப்பிடுவது?

நட்சத்திரப் பேச்சாளர் விஷயம் தனி. அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்கு 40 பேர், மற்றப் பதிவு பெற்ற கட்சிக்கு 20 பேர், அறிவிக்கை வெளியான ஏழு நாளுக்குள் பட்டியல் தந்திருந்தால் அவர்களுடைய பயணச் செலவு வேட்பாளர் தலையில் விழாது. ஆனால் வேட்பாளர் அதே மேடையில் ஏறினாலோ, அவர் பெயரும் படமும் அங்கே இருந்தாலோ கூட்டச் செலவில் அவர் பங்கு ஏறும். மேடையில் பல வேட்பாளர்கள் இருந்தால் பிரித்துப் போட வேண்டும். தலைவர் வண்டியில் வேட்பாளரும் கூடவே பயணம் செய்தால் பயணச் செலவில் பாதி அவர் கணக்கில். எனவே மேடையில் யார் யார் இருந்தார்கள் என்பதை வீடியோவில் ஒருமுறையாவது இடமிருந்து வலமாகக் காட்டியிருக்க வேண்டும்.

மறந்துபோகும் செலவுகள் ஆண்டுதோறும் அவையேதான். குற்ற வழக்கு உள்ளவர் நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் மூன்று முறை கொடுக்க வேண்டிய அறிவிப்பின் கட்டணம். வாக்குச்சாவடிக்கு 100 மீட்டருக்கு அப்பால் (2025 வரை 200 மீட்டர்) போடும் மேசையும் இரண்டு நாற்காலியும், அங்கே உட்காருபவர் சாப்பாடும். சமூக வலைத்தளத்தில் ஆள் வைத்து வீடியோ தயாரித்த கூலி. அனுமதி வாங்கிவிட்டு ஓட்டாமல் நிறுத்திவைத்த வண்டி. எழுதிக் கொடுத்து அனுமதியைத் திருப்பாதவரை அது ஓடியதாகத்தான் கணக்கு. துண்டுப் பிரசுரத்தில் அதே 1951 சட்டத்தின் 127அ பிரிவுப்படி அச்சகம், வெளியிடுபவர் பெயர் முகவரி இருக்க வேண்டும். அச்சகத்தார் நமக்கு அனுப்பும் உறுதிமொழிப் படிவத்தில் உள்ள பிரதி எண்ணிக்கையை வேட்பாளரின் பில்லோடு ஒப்பிட்டால் பல நேரம் ஒரு சைபர் குறையும். ஆரத்தித் தட்டில் போட்ட பணத்தை எந்த அட்டவணையில் எழுதுவது என்று கேட்பவர்களும் உண்டு. அது செலவு அல்ல, லஞ்சம். அதற்கு அட்டவணை இல்லை, வழக்குதான்.

மூன்று சரிபார்ப்புத் தேதியும் முன்கூட்டியே எழுத்தில் போக வேண்டும். வராதவருக்கு நோட்டீஸ், அதற்கும் அசையாவிட்டால் வாகன அனுமதி ரத்து. இந்த ஒரு வரிக்குத்தான் பெரிய வேட்பாளர்கள் பயப்படுகிறார்கள். கணக்கு வைக்காததற்குப் பாரதிய நியாய சன்ஹிதாவில் இருக்கும் அபராதம் 5,000 ரூபாய்க்குள்தான், அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. நிழல் பதிவேட்டில் இருந்து வேட்பாளர் கணக்கில் இல்லாத இனம் தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் நோட்டீஸ், 48 மணி நேரத்துக்குள் அவர் பதில், மறுத்தால் மாவட்டச் செலவினக் கண்காணிப்புக் குழு 72 மணி நேரத்துக்குள் முடிவு. நாம் தவறவிடுவது அந்த முதல் 24 மணி நேரத்தை. அப்போது நோட்டீஸ் கொடுக்காத இனத்தை ஒரு மாதம் கழித்து அறிக்கையில் எழுதினால் "அன்று ஏன் கேட்கவில்லை" என்பதுதான் மேலிருந்து வரும் முதல் கேள்வி.

முடிவு அறிவித்த 30 நாளுக்குள் கணக்கு மாவட்ட தேர்தல் அலுவலரிடம் வந்தாக வேண்டும், இது 78-வது பிரிவு. 2024 மக்களவை முடிவு ஜூன் 4-ல் வந்தது, கடைசி நாள் ஜூலை 4. வேட்பாளர் கணக்கையும் நிழல் பதிவேட்டையும் ஒப்பிட்டுத் தீர்க்கும் கூட்டம் 26-ஆம் நாள். அந்த ஆண்டு அது ஜூன் 30, ஞாயிற்றுக்கிழமை. விடுமுறை நாள் என்பதால் வராமல் போகக்கூடியவர்களை முன்கூட்டியே தொலைபேசியில் பிடித்துவிட வேண்டும். படிவம் 26 உறுதிமொழிப் பத்திரத்தில் கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் இருக்கும்; மனு பரிசீலனை முடிந்த அன்றே அதையெல்லாம் ஒரு பட்டியலாக எடுத்து வைத்தவர் தப்பித்தார். தோற்றவர்கள், குறிப்பாக டெபாசிட் போனவர்கள், பிறகு எண்ணை மாற்றிவிடுகிறார்கள்.

கணக்கு வந்ததும் மேசையில் பார்க்க வேண்டியவை: சுருக்க அறிக்கையின் எல்லாப் பகுதியிலும் வேட்பாளரின் சொந்தக் கையொப்பம், சத்தியப் பிரமாணப் பத்திரம், மூன்று நிறப் பக்கமும் முடிய எழுதிய பதிவேடு, தேதிவாரியாக எண்ணிட்டுக் கையொப்பமிட்ட மூல ரசீதுகள், கணக்கு தொடங்கிய நாள் முதலான வங்கி அறிக்கை. தபால், ரயில் டிக்கெட் போன்றவற்றுக்கு ரசீது கேட்டு நிற்க வேண்டாம், 1961-ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளின் 86-வது விதி அதற்கு விலக்கு தருகிறது. முகவர் கையொப்பம் போட்ட சுருக்க அறிக்கை அடிக்கடி வரும், அது போதாது. செலவே இல்லாதவரும் "இல்லை" என்று ஒவ்வொரு அட்டவணையிலும் எழுத வேண்டும், வெற்றாக விடக் கூடாது. குறை இருக்கிறது என்று கணக்கையே திருப்பி அனுப்பிவிட வேண்டாம். தேதி போட்டு ஒப்புகை கொடுங்கள், குறையைத் தனியாக எழுதிக் கொடுங்கள். திருப்பி அனுப்பினால் 'முறைப்படி இல்லை' என்ற குறையோடு 'காலத்தில் இல்லை' என்ற குறையையும் நாமே சேர்த்துவைக்கிறோம்.

கணக்கு வந்த விவரத்தை இரண்டு நாளுக்குள் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும், கணக்கை மூன்று நாளுக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். ஒரு ரூபாய் கட்டினால் யாரும் கணக்கைப் பார்வையிடலாம். அந்த ஒரு ரூபாய்க்கும் ரசீது போட வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஒவ்வொரு கணக்கையும் பற்றிய நம் அறிக்கை, முடிவு வந்த 37-ஆம் நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரிக்குப் போக வேண்டும். விதி 89 கேட்பது கணக்கு காலத்தில் வந்ததா, முறைப்படி இருக்கிறதா என்ற இரண்டைத்தான். 'ஆம்' என்று எழுதிவிட்டு நகரும் பழக்கம் பல இடத்தில் உண்டு. ஆனால் கணக்கு உண்மையா என்பதையும் ஆணையம் பார்க்கலாம் என்று மகாராஷ்டிர முன்னாள் முதல்வர் அசோக் சவான் வழக்கில் 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கு முன்பே, உத்தரப் பிரதேசம் பிசௌலியில் 2007-ல் வென்ற உம்லேஷ் யாதவ், காசு கொடுத்து வெளியிட்ட செய்தியின் செலவைக் காட்டாததற்காக 2011-ல் தகுதி நீக்கப்பட்டார். ஆகவே நிழல் பதிவேட்டின் பக்க எண், விடுபட்ட தொகை, நோட்டீஸ் தேதி, பதில், குழுவின் முடிவு ஆகியவை வரிக்கு வரி அறிக்கையில் இருக்கட்டும். கட்சி தந்த மொத்தத் தொகையையும் குறித்துவையுங்கள். சட்டமன்றத் தேர்தலில் 75 நாளிலும் மக்களவையில் 90 நாளிலும் கட்சி ஆணையத்துக்குத் தரும் கணக்கோடு அது பொருந்த வேண்டும்.

கணக்கே தராதவருக்கு 10அ பிரிவின்படி மூன்றாண்டு தகுதி நீக்கம் வரலாம். அதற்கு முன் ஆணையத்தின் விளக்கம் கேட்பு நோட்டீஸ் நம் வழியாகத்தான் போகும். பதில் தர அவருக்கு 20 நாள். அது வந்த ஐந்து நாளுக்குள் நம் கருத்தோடு மேலே அனுப்ப வேண்டும். வீடு பூட்டியிருந்தால் கிராம நிர்வாக அலுவலர் இரண்டு சாட்சிகள் முன் கதவில் ஒட்டி, மகஜர் (சாட்சிகள் கையொப்பமிட்ட நடப்புக் குறிப்பு) எழுதி, தேதி தெரியும்படி படம் எடுத்து அனுப்ப வேண்டும். வேட்புமனுவில் உள்ள முகவரியும் வாக்காளர் பட்டியல் முகவரியும் வேறாக இருந்தால் இரண்டிலும் ஒட்டுங்கள். நோட்டீஸ் சரியாகப் போய்ச் சேரவில்லை என்று கோப்பு திரும்பி வந்தால் அந்த 20 நாள் மறுபடி முதலிலிருந்து ஓடும்.