பயாஸ் விடாமல் பிடித்திருந்த கன்ட்ரோலர்

லினக்ஸ் பூட் ஆகும்போது யூஎஸ்பி பழுதானால் முதலில் கட்டிப்போடப்படுவது நம் கைதான். கீபோர்டும் யூஎஸ்பி, லாக்கை, அதாவது கணினி எழுதிவைக்கும் பதிவை, எடுக்க வைத்திருக்கும் பென்டிரைவும் யூஎஸ்பி. அதனால் இந்த மாதிரி வேலை வந்தால் நான் முதலில் தேடுவது போர்டில் யூஎஸ்பியைச் சாராத பழைய சீரியல் போர்ட் இருக்கிறதா என்றுதான். அதில் கன்சோலைத் திறந்துவிட்டால் லினக்ஸின் மையமான கெர்னல் பேசுவதெல்லாம் பக்கத்து லேப்டாப்பில் வந்து விழும்.

ஒரு தொழிற்சாலைக்காக வந்த கணினிகளில் இப்படி ஒரு சிக்கல். கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸின் திரையில் கீபோர்டு வேலை செய்தது, அடுத்து லினக்ஸை ஏற்றிவிடும் கிரப்பின் மெனுவிலும் செய்தது. கெர்னல் ஏறியதும் செத்துவிட்டது. "கிரப் வரைக்கும் நல்லாத்தானே இருக்கு, அப்போ கெர்னல்தான் தப்பு" என்றார் உடன் வேலை செய்தவர். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் கிரப்புக்கு அங்கே யூஎஸ்பி டிரைவரே தேவையில்லை. நாம் அழுத்தும் விசையை பயாஸ் வாங்கி, பழைய பிஎஸ்/2 கீபோர்டிலிருந்து வந்ததுபோல் கொடுத்துவிடுகிறது. யூஎஸ்பி போர்ட்டுகளை இயக்கும் கன்ட்ரோலர் அதுவரை பயாஸின் கையில்தான்.

அதைக் கெர்னல் கேட்டு வாங்க ஒரு முறை உண்டு. கன்ட்ரோலருக்குள் இருக்கும் ரெஜிஸ்டர் என்ற சிறு நினைவிடம் ஒன்றில் பயாஸுக்கு ஒரு பிட், இயங்குதளத்துக்கு ஒரு பிட். கெர்னல் தன் பிட்டை 1 ஆக்கும். பயாஸ் தன்னுடையதை 0 ஆக்கிவிட்டு ஒதுங்க வேண்டும். ஒதுங்காவிட்டால் சிறிது நேரம் பார்த்துவிட்டு, 'பயாஸ் ஹேண்ட்ஆஃப் (ஒப்படைப்பு) தோல்வி' என்று எச்சரித்துக் கெர்னல் தானே பிடுங்கிக்கொள்ளும். டிரைவர் ஏறுவதற்கு முன்பே, வன்பொருள் கோளாறுகளைச் சமாளிக்கும் பிசிஐ குவர்க்ஸ் பகுதியில் இது நடந்து முடிந்துவிடுகிறது.

எங்கள் லாக்கில் முதலில் கண்ணில் பட்டது பிழை வரி இல்லை, நேரம். அடுத்தடுத்து ஓடிய வரிகளுக்கு நடுவே சுமார் ஒரு வினாடி இடைவெளி. அதற்குக் கீழே அந்த எச்சரிக்கை. அப்புறம் இக்காலக் கன்ட்ரோலர்களுக்கான எக்ஸ்எச்சிஐ டிரைவர் ஒழுங்காக ஏறி, கீபோர்டு தன்னைப் பற்றிச் சொல்லும் டிஸ்கிரிப்டரைப் படிக்கப்போய் -110 என்ற பிழை எண், அதாவது நேரம் கடந்துவிட்டது. -71, அதாவது நெறிமுறைப் பிழை, வந்திருந்தால் நான் கேபிளைச் சந்தேகித்திருப்பேன். கன்ட்ரோலரைப் பற்றி ஒரு வரியுமே இல்லையென்றால் பூட்டின் தொடக்கத்தில் ஏறும் தற்காலிகக் கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸில் அந்த டிரைவர் மாட்யூல் விடுபட்டிருக்கிறதா என்று பார்ப்பேன். மறையாக்கம் செய்த வட்டின் கடவுச்சொல் கேட்கும் இடத்தில் கீபோர்டு உயிரில்லாமல் கிடப்பது பல நேரம் அதனால்தான். 2015-இல் இன்டெலின் ஸ்கைலேக் செயலிக்கான போர்டுகளில் விண்டோஸ் 7 நிறுவியவர்கள் பட்ட பாடும் கிட்டத்தட்ட இதே வகை. யூஎஸ்பி 2.0-க்கான பழைய இஎச்சிஐ கன்ட்ரோலரை இன்டெல் எடுத்துவிட்டது, நிறுவல் வட்டிலோ எக்ஸ்எச்சிஐ டிரைவர் இல்லை.

பயாஸில் லெகசி யூஎஸ்பி வசதியை, அதாவது கீபோர்டை பிஎஸ்/2 போல் காட்டும் அந்த வேலையை, அணைத்துப் பார்த்தோம். லினக்ஸில் கீபோர்டு உடனே உயிர்பெற்றது, கிரப்பில் போய்விட்டது. காரணம் பயாஸ் பக்கம்தான் என்பது அதோடு உறுதி. லாக்கை அப்படியே இணைத்து போர்டு தயாரிப்பாளருக்கு அனுப்பினோம், திருத்திய பயாஸ் வந்தது.

அந்தத் தொகுப்பில் சில கணினிகள் அதே எச்சரிக்கையைக் காட்டியும் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன. ஓடுவதை ஏன் தொட வேண்டும் என்று கேட்டார்கள். அவற்றிலும் கன்ட்ரோலர் பிடுங்கித்தான் வாங்கப்பட்டிருக்கிறது, ஆகவே எல்லாவற்றிலும் புதிய பயாஸை ஏற்றியே ஆக வேண்டும் என்று நின்றேன், ஏற்றினோம்.