‘கொஞ்சம்’ எதைத் தழுவுகிறது?

‘கொஞ்சம் சூடான பால் வேண்டும்.’ பால் கொஞ்சமா, சூடு கொஞ்சமா? பேச்சில் குரல் சொல்லிவிடும். எழுத்தில் சொல்லாது. பாலின் அளவுதான் கருத்து என்றால் ‘சூடான பால் கொஞ்சம் வேண்டும்’ என்று ‘கொஞ்சம்’ என்பதைப் பெயருக்குப் பின்னால் தள்ளுங்கள். சூடுதான் என்றால் ‘சற்றே சூடான பால்’ போதும்.

இந்தக் குழப்பம் வருவதற்குக் காரணம், ‘கொஞ்சம்’ தன் உருவத்தை மாற்றாமலே பெயராகவும் அடையாகவும் (இன்னொரு சொல்லை விளக்கும் சொல்லாகவும்) நிற்பதுதான். ‘பாலில் கொஞ்சத்தை எடுத்துவை’ என்பதில் அது முழுப் பெயர்ச்சொல். சொல்லுக்கும் உருபுக்கும் நடுவே வரும் ‘அத்து’ச் சாரியையும், ‘ஐ’ என்ற வேற்றுமை உருபும் ஏற்றிருக்கிறது. ‘கொஞ்சம் பால்’ என்றால் பெயரடை. ‘கொஞ்சம் தள்ளி நில்’ என்றால் வினையடை. ‘கொஞ்சம் பெரிய தட்டு’ என்பதில் இன்னொரு அடைக்கே அடையாகிறது.

‘சற்று’ அப்படியில்லை. அதற்கு வேற்றுமை உருபு ஒட்டாது. ‘சற்றை எடு’ என்று யாரும் சொல்வதில்லை. ‘சற்று நேரம்’ உண்டு, ‘சற்று அரிசி’ கிடையாது. வினைக்கும் அடைக்கும் முன்னால் நிற்பதே அதன் இயல்பு. ‘சிறிது’ இன்னொரு வகை. ‘வீடு சிறிது’ என்றால் அதுவே பயனிலை, காலத்தை வெளிப்படையாகக் காட்டாத குறிப்பு வினைமுற்று. ‘வீடு சிறிது பெரியது’ என்று ஒரு சொல் கூடியதும் அடையாகிவிடுகிறது, பொருளும் தலைகீழாகிறது.

ஒற்று விஷயத்தில்தான் இந்த இரண்டையும் அதிகம் குழப்புகிறார்கள். ‘சற்று’ வன்தொடர்க் குற்றியலுகரம், அதாவது ஈற்றில் குறுகி ஒலிக்கும் உகரத்துக்கு முன் வல்லின மெய் (ற்) நிற்கும் சொல், ஆகவே வல்லினம் மிகும்: சற்றுப் பொறு, சற்றுத் தள்ளி, சற்றுக் குறைவு. ‘சிறிது’ உயிர்த்தொடர், அங்கே முன்னெழுத்து ‘றி’ உயிரில் முடிகிறது, ஆகவே மிகாது: சிறிது பொறு, சிறிது தள்ளி, சிறிது குறைவு. ‘சில’வுக்குப் பின்னும் மிகாது. ‘சிலப் பறவைகள்’ என்று எழுதுவது பிழை, சில பறவைகள்தான். ‘சில’ தன்னோடு தானே சேரும்போது மட்டும் சிலசில, சிலச்சில, சிற்சில என வடிவங்கள் வரும். நன்னூல் இதற்கென்றே ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது.

நேரம், நாள், காலம், தூரம், பேர் முதலியவற்றின் முன் ‘கொஞ்சம்’ பெரும்பாலும் ஈற்று மகரத்தை (ம்) இழக்கும்: கொஞ்ச நேரம், கொஞ்சக் காலம், கொஞ்சப் பேர். உப்பு, எண்ணெய் போன்ற பொருள்களின் முன் மகரம் நிற்கும்: கொஞ்சம் உப்பு, கொஞ்சம் எண்ணெய். மகரம் போன இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘குழந்தையைக் கொஞ்ச நேரமில்லை’ என்ற வரியில் இருப்பது அளவுச்சொல்லே அல்ல, ‘கொஞ்சு’ என்ற வினையின் எச்சம். முன்னால் ‘ஐ’ உருபு நிற்பதே அடையாளம்.

‘உம்’ சேர்ந்தால் கதை மாறும். கொஞ்சமும், சற்றும், சிறிதும், துளியும் ஆகிய நான்கும் எதிர்மறையைக் கேட்கும்: ‘கொஞ்சமும் பயமில்லை’. ‘கொஞ்சமும் பயமிருக்கிறது’ என்றால் காது ஏற்காது. ஆனால் ‘கையில் இருந்த கொஞ்சமும் போயிற்று’ சரியான தமிழ். அங்கே ‘இருந்த’ என்ற பெயரெச்சம் ‘கொஞ்சம்’ பெயர்தான் என்று காட்டிவிடுகிறது. உம்மை முற்றும்மை, ‘எல்லாமே’ என்று பொருள். மற்ற மூன்றில் ‘சற்று’ இந்த இடத்துக்கு வரவே முடியாது.

பேச்சில் ‘கொஞ்சமா’ என்பது இரண்டு சொல். ‘கொஞ்சமாப் போடு’ என்றால் ‘கொஞ்சமாக’, அளவு குறைவு. ‘கொஞ்சமா பாடுபட்டார்!’ என்றால் வினா ‘ஆ’, அளவு மிக அதிகம். உரையாடல் எழுதுபவர்கள் முதலாவதில் ஒற்றைப் போட்டு, இரண்டாவதில் விட்டாலே வாசகர் தடுக்கி விழமாட்டார். ஒற்றுப் பிழை பொருளையே கவிழ்க்கும் இடம் இது.

‘கொஞ்சம் இங்கே வாங்க’ என்பதில் அளவே கிடையாது. கட்டளையின் கூர்மையைக் குறைக்கும் பணிவு அது. யாழ்ப்பாணத்தார் இதே இடத்தில் ‘ஒருக்கா (ஒருமுறை) வாங்கோ’ என்பார்கள். அங்கும் எண்ணிக்கை கணக்கில்லை. பணிவா அளவா என்று சோதிக்க, ‘ஆக’ சேர்த்துப் பாருங்கள். ‘கொஞ்சம் கதவைத் திறங்க’ இரண்டுக்கும் இடம் தரும். ‘கதவைக் கொஞ்சமாகத் திறங்க’ என்றால் பணிவு போய்விடும், இடுக்கு அளவுக்குத் திறக்கச் சொல்வதாகவே படும்.