எந்தச் சங்கடம்?

கேஸ் ஷீட்டில் 'சங்கடம்' என்று மலையாளத்தில் எழுதியிருந்தது. எழுதியவர் என்னோடு வீடுவீடாக வரும் வாலண்டியர். பெரியவர் சொன்ன வார்த்தையைத்தான் எழுதியிருந்தார், ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனாலும் தப்பு.

மலையாளத்தில் சங்கடம் என்றால் துக்கம். அழுகை முட்டுகிற துக்கம். பெரியவர் சொன்னதோ எங்கள் ஊர்த் தமிழில்: "சங்கடமா இருக்குதுங்க அம்மிணி." அதில் கூச்சம் உண்டு, உடம்பு ஒத்துழைக்காத அவஸ்தை உண்டு, அடுத்தவருக்குத் தொல்லையாகிவிட்டோமே என்ற நெருடல் உண்டு. அழுகை இல்லை. அடுத்த வாரம் இன்னொரு வாலண்டியர் வந்து, துக்கத்தில் இருப்பவராயிற்றே என்று பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பெரியவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். 'பேச மறுக்கிறார்' என்று ஷீட்டில் இன்னொரு வரி ஏறியது.

நான் வேலை பார்ப்பது பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கோரத்தில், ஒரு பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் யூனிட்டில். தீராத நோயில் கிடப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்து, வலியையும் அவஸ்தையையும் குறைக்கும் வேலை. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும். கடைப் பலகை மலையாளத்தில் இருக்கும், கடைக்குள் பேச்சு கொங்குத் தமிழில் இருக்கும். ரேஷன் இந்தப் பக்கம், பெரிய வைத்தியம் கோயம்புத்தூரில். அங்கே "இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பியவர்கள்தான் எங்கள் பதிவேட்டில் வந்து சேர்கிறார்கள்.

கேரளத்தில் இந்த வேலைக்கு ஒரு கதை உண்டு. 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில், டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் சேர்ந்து வலி நிவாரண கிளினிக் ஒன்றைத் தொடங்கினார்கள். அங்கிருந்து பரவியதுதான். 2008-இல் மாநில அரசு இதற்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. இந்தியாவில் அப்படிச் செய்த முதல் மாநிலம் இதுதான். இன்று பஞ்சாயத்து ஜீப்பில், பை நிறைய டிரெஸ்ஸிங் துணியோடு என்னைப் போன்ற ஒருத்தி வீட்டு வாசலில் வந்து நிற்பது அதனால்தான்.

பயிற்சி முழுக்க மலையாளத்தில். குப்ளர் ராஸ் என்ற அம்மையார் 1969-இல் எழுதிய, சாவை நெருங்குபவரின் மனம் கடக்கும் ஐந்து கட்டங்களை வகுப்பில் கரும்பலகையில் போட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள்: மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு. நான் அதை நோட்டில் எழுதிக்கொண்டு, முதல் வருடம் முழுக்க ஒவ்வொரு வீட்டிலும் ஆள் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்று தேடிக்கொண்டிருந்தேன். பஸ் எந்த ஸ்டாப் தாண்டியது என்று பார்ப்பது போல. அவை அப்படி வரிசையாக வருவதில்லை என்று அந்த அம்மையாரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். அந்தப் பகுதி எங்கள் கரும்பலகைக்கு வரவில்லை.

அந்த ஐந்தில் கூச்சம் இல்லை. நான் வீடுகளில் அதிகம் பார்த்தது அதைத்தான்.

பெரியவர் கள் இறக்கியவர். எங்கள் தாலுகாவில் தென்னந்தோப்புக்கும் கள்ளுக்கும் குறைவில்லை. நாற்பது வருடம் மரம் ஏறிய கால், கட்டிலில் கிடக்கும்போதும் கயிறுபோல முறுக்கிக்கொண்டு இருந்தது. கன்னத்தில் புற்று, வெளியே உடைத்துக்கொண்டு வந்துவிட்டது. கட்டில் மாட்டுக் கொட்டகையில். முதல் நாள் அதைப் பார்த்ததும் மகன்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. அப்பனைக் கொட்டகையில் போட்டு வைத்திருக்கிறானே என்று. மருமகளோ, மாமனார் டம்ளரைத் தூக்கி வீசுகிறார், கிட்டப் போனாலே கத்துகிறார் என்று அழுதாள். நானும் 'தேஷ்யம்' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். மலையாளத்தில் கோபம்.

அந்தச் 'சங்கடம்' எழுதப்பட்ட பிறகு ஒரு நாள், ஷீட்டைப் புரட்டும்போது உறைத்தது. டிரெஸ்ஸிங் முடித்து, தனியாக இருந்தபோது கேட்டேன். "எது சங்கடமா இருக்குதுங்க அப்புச்சி?"

ரொம்ப நேரம் கழித்துச் சொன்னார். "நாத்தம் அம்மிணி. எனக்கே தாங்கல. புள்ளைக சோறு திங்கற ஊடு."

கொட்டகைக்குக் கட்டிலைத் தூக்கிப் போடச் சொன்னதே அவர்தான். கிட்ட வந்தால் கத்துவதும் கிட்ட வரக்கூடாது என்பதற்காகத்தான். அப்படிப்பட்டவர் பக்கத்தில்தான் ஒருவரை அரை மணி நேரம் உட்கார வைத்திருந்தோம்.

நாற்றத்துக்கு மருந்து இருக்கிறது. இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் சொல்கிறேன். அழுகும் புண்ணில் காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிகளால் அந்த வாடை வருகிறது. மெட்ரோனிடசோல் மாத்திரையை நன்றாகப் பொடித்து, கழுவிய புண்மேல் தூவிக் கட்டினால் சில நாட்களில் அடங்கும். விலை மலிவு. டாக்டரிடம் கேட்டுத் தொடங்கினோம், மருமகள் இரண்டே நாளில் கற்றுக்கொண்டாள். முழுசாகப் போகவில்லை, ஆனால் குறைந்தது. அதற்கடுத்த முறை போனபோது கட்டில் திண்ணையில் இருந்தது. டம்ளர் வீசுவது மட்டும் நிற்கவில்லை. அது டீயில் சர்க்கரை குறைவு என்பதற்காக, குணம் அப்படி!

சிசிலி சாண்டர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 'முழு வலி' என்று ஒன்றைச் சொன்னார்: உடம்பு, மனசு, குடும்பம், சாமி எல்லாம் பின்னிக் கிடக்கிற வலி. வகுப்பில் கேட்டபோது பெரிய பேச்சாகத் தெரிந்தது. கொட்டகைக் கட்டிலைப் பார்த்தபின் சின்னப் பேச்சாகத்தான் தெரிகிறது.

இன்னொரு வீட்டில் மகன் கேட்டிலேயே வழிமறித்தார். "அய்யனுக்குத் தெரியக்கூடாதுங்க சிஸ்டர்." இது பாதி வீடுகளில் நடப்பதுதான். உள்ளே போனால் அய்யன் என்னிடம் கேட்கிறார், "வார ஆடிக்கு நான் இருப்பனா?" எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "எல்லாம் சரியாயிருமுங்க" என்றேன். அவர் தலையை ஆட்டினார், அதற்கப்புறம் இரண்டு மாதம் என்னோடு மலச்சிக்கலைப் பற்றி மட்டும்தான் பேசினார். கடும் வலிக்கு மார்ஃபின் எடுப்பவர்களுக்கு அது வரும். பேச நிறைய விஷயம் இருந்தது. பிறகு ஒரு நாள் நானே, "அன்னிக்கு ஏனுங்க ஆடியைக் கேட்டீங்க?" என்றேன். மாட்டுக்காக. சினை மாடு, ஆடியில் கன்று போடும், அதற்கு முன்னே விற்பதா வேண்டாமா என்று அவருக்கு முடிவெடுக்க வேண்டியிருந்தது. மகனையும் வைத்துக்கொண்டு மாட்டைப் பற்றித்தான் பேசினோம். மற்றதையெல்லாம் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் அன்றைக்குப் பிறகு வீட்டில் கிசுகிசுப்பு நின்றது.

எல்லா வீட்டிலும் இப்படிக் கைப்பிடி கிடைக்காது. முப்பத்தெட்டு வயதில் ஒரு பெண், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். பொழுது சாய்ந்தால் பயம். வலிக்கு மார்ஃபின் நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரி படுக்கும்போது மட்டும் இரண்டு மடங்கு, நடுவில் எழுப்ப வேண்டாமே என்று. அந்த ராத்திரி மாத்திரையை அவள் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்திருந்தாள். மாமியார் கண்டுபிடித்துச் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. வலியோடு கிடப்பாளே என்று. "தூங்கீட்டா எந்திரிக்க மாட்டேன்னு பயமா இருக்குதுக்கா" என்றாள். விளக்கை அணைக்காமல் வைத்தோம், மாமியார் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தார். சில ராத்திரி மாத்திரை எடுத்தாள், சில ராத்திரி இல்லை. பயத்தோடுதான் போனாள். அதை வேறு மாதிரி சொல்ல எனக்கு வழியில்லை.

அன்று திரும்பும்போது டிரைவர் அண்ணன் ஒன்றும் பேசாமல் டீக்கடையில் வண்டியை நிறுத்தி, கண்ணாடி டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார். கணவாய்க் காற்று மாசி மாதத்தில் அடிக்கிற அடி, டீ ஆறிப்போனது. அந்த வாரம் முழுக்க என் மகளிடம் பொரியலுக்கு, சீப்புக்கு, எதற்கெல்லாமோ எரிந்து விழுந்தேன். "உனக்கு என்னம்மா கோபம்?" என்றாள். என் ஷீட்டிலும் யாரோ தப்பான கட்டத்தில் டிக் போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வார்த்தைக் குழப்பம் இன்னும் தீரவில்லை. மலையாளத்தில் 'விஷமம்' என்றால் மன வருத்தம். புதிதாக வந்த டாக்டர் ஒரு பாட்டியிடம் "விஷமம் உண்டோ?" என்று கேட்க, பாட்டி, "இந்த வயசுல என்னத்த விஷமம் பண்றது சாமி" என்றார். டாக்டர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

வாலண்டியர் மட்டும் உஷாராகிவிட்டார். யாராவது சங்கடம் என்றால் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார். "சிஸ்டரே, ஏது சங்கடம்?" போன வாரமும் அப்படித்தான். தொண்ணூறு வயது ஆத்தா கண்ணை மூடிக்கொண்டு, "சங்கடமா இருக்குது கண்ணு" என்றார். நான் குனிந்து, காதோரம், என்ன சங்கடமுங்க ஆத்தா, மனசுல எதாச்சுமா என்று மெதுவாகக் கேட்டேன்.

"மனசுக்கென்ன. மூத்திரம் முட்டுது, மொதல்ல தூக்கி உக்கார வெய்யி."