23 ஆட்டம், 28 கோல்: பெப் பக்ஹாய்ஸ் பற்றி ஒரு நாட்குறிப்பு

2026 மார்ச் 11, புதன்

1934இல் இதே தேதி ஞாயிற்றுக்கிழமை. ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் மைதானத்தில் நெதர்லாந்து 9, பெல்ஜியம் 3. இதை உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. இல்லை, நட்பு ஆட்டம்தான். தகுதி ஆட்டங்கள் அடுத்த மாதம் வந்தன.

அன்று நெதர்லாந்து போட்ட ஒன்பது கோலில் ஒன்றுதான் இன்றுவரை நிற்கிறது. வலது ஓரத்திலிருந்து ஃபிராங்க் வெல்ஸ் அடித்த கிராஸ் மேலே எழாமல் தாழ்வாகவே வந்தது. நின்று முட்டும் உயரத்தில் பந்து இல்லை. காலைத் தூக்கி அடிக்கலாம் என்றால் அதற்குள் பந்து கடந்துவிடும். நெதர்லாந்தின் நடு முன்கள வீரர் பெப் பக்ஹாய்ஸ் ஓடிவந்த வேகத்திலேயே உடம்பைத் தரைக்குச் சமமாக வீசி நெற்றியால் முட்டினார். இப்படிப் பாய்ந்து தலையால் முட்டும் டைவிங் ஹெடருக்கு டச்சுக்காரர்கள் அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்: "பக்ஹாய்ஸ்யே", அதாவது குட்டி பக்ஹாய்ஸ். அந்தக் குடும்பப் பெயருக்கு ரொட்டி சுடும் கொட்டகை என்று பொருள். கொட்டகை கோலாகிவிட்டது.

மார்ச் 14, சனி

அந்த ஹெடரை இன்றைய பந்தை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் அதன் கஷ்டம் தெரியாது. ஆகவே முதலில் பந்து.

1937 வரை விதிப்படி பந்தின் எடை 13 முதல் 15 அவுன்ஸ், ஏறக்குறைய 370 முதல் 425 கிராம். ஆட்டம் தொடங்கும்போது இருக்க வேண்டிய எடை அது. முடியும்போது எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. வெளியே தோல், உள்ளே ரப்பர் பை. பையைத் திணிக்க ஒரு வாய் விட்டு, காலணிக்குக் கட்டுவதுபோல வாரால் இறுக்கியிருப்பார்கள். மழை பெய்தால் தோல் நீரைக் குடித்துக் கனக்கும். அந்த வார்க்கட்டு நெற்றியில் பட்டால் தோல் கிழியும். இத்தாலியில் நடந்த 1934 உலகக் கோப்பைக்குச் செய்த ஃபெடராலே 102 பந்தில் தோல் வாருக்குப் பதில் பருத்திக் கயிறு போட்டதற்குக் காரணம் அதுதான்.

இனி முட்டும் முறை. பாய்வதற்கு முன்பே ஓட்டம் முடிவாகிவிட வேண்டும்: தடுப்பாளரின் முதுகுப் பக்கம் நின்று, கிராஸ் கிளம்பியதும் அவருக்கு முன்னால் வெட்டி நுழைய வேண்டும். ஒற்றைக் காலில் உந்தி எழ வேண்டும். இரண்டு காலும் சேர்ந்தால் உடம்பு முன்னே போகாது, மேலேதான் போகும். கழுத்தை இறுக்கி, கண்ணை மூடாமல், முடி தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே பந்தை வாங்க வேண்டும். கை இரண்டும் முன்னே இருந்து விழும் எடையைத் தாங்க வேண்டும்.

பெரும்பாலும் கெடுவது நேரம். அரை நொடி முந்திப் பாய்ந்தால் தலை தாழ்ந்து பந்து உச்சந்தலையில் பட்டுக் கம்பத்துக்கு மேலே போகும். பிந்தினால் கன்னத்திலோ காதிலோ அடிக்கும். கழுத்து தளர்ந்திருந்தால் சரியாகப் பட்டாலும் பந்தில் உயிர் இருக்காது. இடுப்பளவு உயரம் தடுப்பாளரின் காலுக்கும் எட்டும் என்பதால் பூட்ஸ் முகத்துக்கு வரும் ஆபத்தும் உண்டு. நனைந்த பந்து, வார்க்கட்டு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதென்று தெரியாத நிலை, இவற்றோடு சேர்த்து அந்தக் கோலை எடை போட வேண்டும்.

ஏப்ரல் 8, புதன்

1934 ஏப்ரல் 8: நெதர்லாந்து 5, ஐரிஷ் சுதந்திர அரசு (இன்றைய அயர்லாந்து) 2. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் இந்தப் பிரிவின் கணக்கு எனக்குப் பிடித்த ஒன்று. மூன்று அணிகள், இரண்டு பேருக்கு இடம், ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரே ஆட்டம். பிப்ரவரியில் டப்ளினில் பெல்ஜியமும் அயர்லாந்தும் 4-4; அயர்லாந்தின் நான்கையும் போட்டவர் பேடி மூர். ஏப்ரல் 29இல் ஆன்ட்வெர்ப்பில் நெதர்லாந்து பெல்ஜியத்தை 4-2 என்று வென்றது.

பெல்ஜியத்துக்கும் அயர்லாந்துக்கும் ஆளுக்கு ஒரு புள்ளி. அப்போது கோல் வித்தியாசம் கிடையாது, கோல் சராசரி: போட்டதை வாங்கியதால் வகுக்க வேண்டும். பெல்ஜியம் 6/8, அதாவது 0.75. அயர்லாந்து 6/9, அதாவது 0.67. பெல்ஜியம் இத்தாலி போனது. ஆம்ஸ்டர்டாமில் நெதர்லாந்து ஐந்துக்குப் பதில் நான்கோடு நின்றிருந்தால் இரண்டும் 6/8. தான் ஜெயித்த ஆட்டத்தில் போட்ட ஒரு உபரி கோலால் நெதர்லாந்து பக்கத்து வீட்டுக்காரனையும் கூட்டிக்கொண்டு போனது.

ஏப்ரல் 16, வியாழன்

பிறந்தநாள். 1909, ஜாவாவின் வட கரையில் பாத்திக் துணிக்குப் பேர்போன பெக்கலோங்கன், அன்றைய டச்சு கிழக்கிந்தியா, இன்றைய இந்தோனேசியா. இறந்தது 1982 ஜூலை 7, ஹேக் நகரில். கிளப்புகளில் முக்கியமானவை ஹேக் நகரின் ஹெச்.பி.எஸ்., ஸ்வோல்லாவின் ஸாக், வென்லோவின் வி.வி.வி., கடைசியாக பிரான்ஸின் மெட்ஸ்.

கணக்கை இன்றே போட்டுவிடலாம். நாட்டுக்காக 1928 முதல் 1937 வரை 23 ஆட்டம், 28 கோல், ஆட்டத்துக்கு 1.22. கூட ஆடிய கிக் ஸ்மிட் 29இல் 26, அதாவது 0.90. பின்னால் வந்த ஃபாஸ் வில்க்ஸ் 38இல் 35, அதாவது 0.92. ஆபே லென்ஸ்ட்ரா 47இல் 33. ராபின் வான் பெர்ஸி 102இல் 50. ஆட்டத்துக்கு அரை கோலுக்கும் ஒரு மயிரிழை குறைவு.

1.22ஐ அப்படியே விழுங்கவும் கூடாது. ஆட்டங்களில் பெரும்பாலானவை நட்பு ஆட்டங்கள், பெல்ஜியம் திரும்பத் திரும்ப வரும் எதிரி. 1925இல் ஆஃப்சைடு விதி மாறி, முன்கள வீரருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே மூன்று எதிராளிகளுக்குப் பதில் இரண்டு பேர் போதும் என்றானது. அதற்கு ஈடுகொடுத்து நடு வீரரைப் பின்னால் இழுத்து மூன்றாவது தடுப்பாளராக்கும் வித்தை ஐரோப்பா முழுக்கப் பரவ நாளானது. அந்த இடைவெளியில்தான் நடு முன்கள வீரர்கள் அறுவடை செய்தார்கள். ஆனால் அதே வயலில் ஸ்மிட்டும் இருந்தார், 0.90தான் எடுத்தார். மிச்சம் பக்ஹாய்ஸுடையது.

ஏப்ரல் 29, புதன்

ஆன்ட்வெர்ப் வெற்றியோடு 49 நாளில் மூன்று ஆட்டம், 18 கோல். முன்வரிசை ஐவரும் வந்த கிளப்புகளைப் பாருங்கள்: வெல்ஸ், கோரின்ஹெமின் யூனிடாஸ். லேன் வென்டே, ரோட்டர்டாமின் நெப்டுனஸ். பக்ஹாய்ஸ், ஸாக். ஸ்மிட், ஹார்லம். யோப் வான் நெல்லன், டெல்ஃப்டின் டி.ஹெச்.சி. ஐந்து பேர், ஐந்து ஊர். ஐவரும் சம்பளம் வாங்காதவர்கள். அணியைப் பழக்கியவர் பாப் கிளெண்டெனிங் என்ற ஆங்கிலேயர்.

ஆனால் பின்னால் ஓட்டை இருந்தது. மே 10இல் பிரான்ஸ் அதே ஆம்ஸ்டர்டாமில் 5-4 என்று வென்றுவிட்டுப் போனது. அதை எச்சரிக்கையாக யாரும் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. உலகக் கோப்பை இறுதி ஆட்டம் ரோமில் என்பதால் நாடே ரோமுக்குப் போகும் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது.

மே 27, புதன்

மிலான், 1934. சுவிட்சர்லாந்து 3, நெதர்லாந்து 2. முதல் சுற்றே வெளியேற்றுச் சுற்று, ஆகவே ஒரே ஆட்டத்தில் கதை முடிந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டே ஆடிய லியோபோல்ட் கீல்ஹோல்ஸ் இரண்டு போட்டார். நெதர்லாந்துக்கு ஸ்மிட்டும் வென்டேயும். பக்ஹாய்ஸ் பெயர் இல்லை. 28 கோலில் ஒன்றுகூட உலகக் கோப்பைப் பிரதான சுற்றில் விழுந்ததல்ல.

ஜூன் 5, வெள்ளி

வென்லோ விவகாரம். டச்சு கால்பந்துச் சங்கம் அப்போது முழுக்க அமெச்சூர். பயணச் செலவு தரலாம், ஆட்டத்துக்குக் காசு கூடாது. நல்ல ஆட்டக்காரரை இழுக்க நினைத்த கிளப்புக்குத் தெரிந்த ஒரு சந்து, வேலையோ கடையோ வைத்துக் கொடுப்பது. பக்ஹாய்ஸ் வி.வி.வி.க்கு வந்தார், வென்லோவில் அவருக்குச் சுருட்டுக் கடை அமைந்தது. இது வேறு உருவில் வந்த கூலி என்றது சங்கம். 1937இல் தடை. 28 வயது.

அவர் எல்லை தாண்டி மெட்ஸுக்குப் போய் வெளிப்படையாகவே தொழில்முறை ஆட்டக்காரரானார். அதோடு தேசிய அணிக் கதவு மூடியது. அந்த விதி ஒருவருக்காக எழுந்ததல்ல: 1949இல் இண்டர் மிலானுக்குப் போன வில்க்ஸையும் அதே விதி ஆண்டுக்கணக்கில் வெளியே நிறுத்தியது. 1953 மார்ச்சில், வெள்ள நிவாரணத்துக்காக, வெளிநாட்டில் சம்பளத்துக்கு ஆடிய டச்சுக்காரர்கள் பாரிஸில் ஒன்றுகூடி பிரான்ஸை 2-1 என்று வென்றார்கள். மறுவருடம் நெதர்லாந்திலும் தொழில்முறைக் கால்பந்து வந்தது. வி.வி.வி. பச்சையாகச் சம்பளம் கொடுத்திருக்கக்கூடிய காலம் பக்ஹாய்ஸுக்கு 45 வயதானபோது வந்தது.

1938 ஜூன் 5: லெ ஆவ்ரில் செக்கோஸ்லோவாக்கியா 3, நெதர்லாந்து 0. 90 நிமிடம் முடிந்தபோது 0-0. மூன்றும் கூடுதல் நேரத்தில் விழுந்தவை. அதே நாள் ரெய்ம்ஸில் ஹங்கேரி 6, டச்சு கிழக்கிந்தியா 0. அவர் பிறந்த நாடும் ஆடிய நாடும் ஒரே பிற்பகலில் பிரான்ஸ் மண்ணில் ஒரு கோல்கூடப் போடாமல் வெளியேறின. அதே பிரான்ஸில் மெட்ஸ் கிளப்பிடம் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார் பக்ஹாய்ஸ்.

ஜூன் 26, வெள்ளி

அந்த இரண்டு அணிகளும் 1938இல் இதே நாள் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் மைதானத்தில் தங்களுக்குள் ஆடின. நெதர்லாந்து 9, டச்சு கிழக்கிந்தியா 2. நான்கு வருடத்துக்கு முன் விழுந்த அதே ஒன்பது, அதே மைதானம். பட்டியலில் பக்ஹாய்ஸ் எந்தப் பக்கத்திலும் இல்லை.