கடைசி ரீல்

எங்கள் ஸ்டுடியோ அலமாரியில் ஒரு கிணற்றுக் கப்பி இருக்கிறது. புதுப்பேட்டையில் பழைய இரும்புக் கடையில் எடை போட்டு வாங்கியது. சில வருடங்களுக்கு முன் வேலை பார்த்த ஒரு பேய்ப்படத்துக்காக வாங்கினேன்.

என் வேலை ஃபோலி. திரையில் நடப்பவரின் காலடி, புடவைச் சரசரப்பு, தாழ்ப்பாள், கொலுசு என எல்லாவற்றையும் படத்தைப் பார்த்துக்கொண்டே மைக் முன்னால் செய்து பதிவு செய்வோம். சண்டைப் படத்தில் இவையெல்லாம் இசைக்கு அடியில் போய்விடும். பேய்ப்படத்தில் இசை நிற்கிற இடத்தில்தான் பயம் ஆரம்பிக்கும். அங்கே எங்கள் சத்தம் மட்டும் தனியாகக் கேட்கும். அதனால் பேய்ப்படம் வந்தால் எனக்குத் தனி உற்சாகம்.

அந்தக் கதையில் பேய் கண்ணுக்கே தெரியாது. ஒரு பழைய வீடு, கொல்லையில் பாழுங்கிணறு, நடுராத்திரியில் கப்பி சுற்றுகிற சத்தம். "அண்ணே, இந்தப் படத்துல கப்பிதான் பேய்" என்று இயக்குநர் முதல் நாளே சொல்லிவிட்டார். மூன்று ராத்திரி அதற்காகவே உட்கார்ந்தோம். அச்சில் எண்ணெய் விட்டால் சத்தமே இல்லை, விடாவிட்டால் கிறீச்சென்று காதைக் கிழிக்கிறது. கடைசியில் தாம்புக்கயிற்றை ஊற வைத்து, மணல் மூட்டையைக் கட்டி, ஏ.சி.யை நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்க மெதுவாக இழுத்தோம். வயதான ஆள் தூக்கத்தில் முனகுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. இழுப்பதை நிறுத்தியதும் கயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டியது. அந்தச் சொட்டையும் தனி டிராக்கில் வைத்துக்கொண்டோம்.

முதலில் எழுதியிருந்த முடிவு இதுதான். நாயகி வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விடுகிறாள். திரை இருட்டாகிறது. அந்த இருட்டில் கப்பி ஒரு சுற்று சுற்றி, கயிறு இறுகி, நிற்கிறது. வாளியில் ஏதோ கனமாக இருக்கிறது என்று கயிற்றுச் சத்தத்திலேயே தெரியும். மொத்தம் ஏழு நொடி. அதைவிட நல்ல வேலையை நான் செய்ததில்லை.

படம் எங்களிடம் சுமார் இருபது நிமிட ரீல்களாகப் பிரித்துத்தான் வரும். ஃபிலிம் போய்விட்டாலும் அந்தப் பெயர் போகவில்லை. முதல் ரீலுக்கு நாள் கணக்கில் நேரம் கிடைக்கும். கடைசி ரீலுக்குக் கிடைக்காது. கம்ப்யூட்டரில் செய்கிற சி.ஜி. காட்சிகள் முடிந்திருக்காது, எடிட் மாறிக்கொண்டே இருக்கும், அதற்குள் போஸ்டரில் ரிலீஸ் தேதி ஏறிவிடும். ஜனங்கள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகப்போகிற இருபது நிமிடத்துக்குத்தான் எங்களிடம் இருப்பதிலேயே குறைந்த நேரம்.

எங்கள் படத்துக்கும் அதுதான் நடந்தது. போட்டுக் காட்டியபோது யாரோ ஒருவர், "பேய் யாருன்னு சொல்லவே இல்லையே" என்று கேட்டிருக்கிறார். சரி, ஒரு பிளாஷ்பேக் எடுத்துச் சேர்த்துவிடலாம் என்று முடிவானது. அநியாயமாகக் கொல்லப்பட்ட பெண், சொத்துக்கு ஆசைப்பட்ட சித்தப்பா, பழிவாங்கல். சாயங்காலம் கைக்கு வந்தது, மறுநாள் ராத்திரிக்குள் மிக்ஸிங் முடிய வேண்டும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் "சத்தம் பத்தல" என்றார்கள். இடி போட்டோம், உறுமல் போட்டோம், கோரஸ் வந்தது. கப்பி எங்கோ அடியில் போய்விட்டது. போதாததற்கு, வெள்ளை லென்ஸ் போட்ட பேய் தன் கையாலேயே அந்தக் கயிற்றை இழுத்தது. இயக்குநர் பின்னால் சோபாவில் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

ரிலீஸ் அன்று தியேட்டருக்குப் போனேன். இடைவேளைக்கு முன் கப்பி முதன்முதலாகச் சுற்றியபோது, எனக்கு முன் வரிசையில் இருந்த ஒரு அம்மா காலைத் தூக்கி சீட்டின் மேல் வைத்துக்கொண்டார். கிளைமாக்ஸில் பார்த்தால், அதே அம்மா காலைத் தொங்கப்போட்டு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அரங்கம் முழுக்கக் காதைப் பிளக்கிற சத்தம், யாருக்கும் பயம் இல்லை.

அன்று ராத்திரி ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வை மறுபடி பார்த்தேன். 1960இல் வந்த படம். கத்திக்குத்துச் சத்தத்துக்காகப் பலவிதப் பழங்களைக் குத்திக் கேட்டு, கசாபா என்ற முலாம்பழத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்த படத்திலும் கடைசியில் ஒரு மனநல மருத்துவர் வந்து நின்று எல்லாவற்றையும் விளக்குகிறார். எனக்கு அந்த நிமிடங்கள் எப்போதும் உறுத்தும். ஆனால் ஹிட்ச்காக் அதோடு விடவில்லை. அடுத்த காட்சியில் கொலைகாரன் நார்மன் ஒரு அறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறான், அவன் வாய் அசையவில்லை, செத்துப்போன அவன் அம்மாவின் குரல் மட்டும் கேட்கிறது. விளக்கம் விரட்டிய பயத்தை அந்த ஒரு குரல் திரும்ப அழைத்து வந்துவிடுகிறது. எங்கள் பிளாஷ்பேக்குக்குப் பின்னாலும் அந்த ஏழு நொடியை வைத்திருக்கலாம். இடமிருந்தது. அதை வெட்டிவிட்டு நேராக டைட்டிலுக்குப் போய்விட்டார்கள்.

அப்புறம் நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். பேய்ப்படம் என்று யார் வந்தாலும் கடைசி ரீலைத்தான் முதலில் கேட்கிறேன். போன மாதம் வந்த பையன், கிளைமாக்ஸ் இன்னும் எடுக்கவில்லை என்று தயங்கினான். எழுதியதையாவது காட்டு தம்பி என்றேன். கடைசிப் பக்கத்தை எடுத்துக் கொடுத்தான். கதவு திறந்தே கிடக்கிறது என்று முடித்திருந்தான்.

மரக்கதவா, இரும்புக்கதவா என்று கேட்டேன்.