தலைவலிக்கிறது என்று சொல்லப் பழகுதல்

மூன்று ஆண்டுகளுக்கு முன், வழிகாட்டியுடன் சென்ற ஒரு மலைப்பயணத்தில், ஏறத்தாழ 4,200 மீட்டர் உயரத்திலிருந்து நான் திருப்பி அனுப்பப்பட்டேன். அதற்கு முந்தைய ஆறு மாதங்களும் நாள் தவறாமல் ஓடியிருந்தேன். குழுவில் எல்லோரையும்விட வேகமாக நடந்தவனும் நான்தான். முதல் மூன்று நாட்களும் மற்றவர்களுக்கு அரைமணி நேரம் முன்பே தங்குமிடத்தை அடைந்து, அந்தப் பெருமிதத்தோடு வாசலில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் மாலை தலைவலி தொடங்கியது, யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலை ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தவன் நிமிரும்போது தள்ளாடியதை வழிகாட்டி கவனித்துவிட்டார். ஒரு பாதத்தின் குதிகால் மற்றதன் விரல்நுனியைத் தொடும்படி நேர்க்கோட்டில் நடந்து காட்டச் சொன்னார். நான்கைந்து அடிக்கு மேல் என்னால் முடியவில்லை. உடல் பழகுவதற்குள் உயரம் ஏறுவதால் வரும் உயர நோயின் அடையாளம் அது. அவர் என்னோடு வாதிடவே இல்லை; துணை வழிகாட்டி ஒருவருடன் அந்த நிமிடமே கீழே இறக்கிவிட்டார்.

வரும் மாதம் எவரெஸ்ட் அடிவார முகாமுக்குச் செல்லும் குழுவில் சேர்ந்திருக்கிறேன். இம்முறை என் தயாரிப்பு முற்றிலும் வேறு விதமாக இருக்கிறது. சென்ற முறை கால்களை மட்டுமே தயார் செய்தேன் என்பது இப்போதுதான் புரிகிறது.

மேலே போகப் போக ஆக்ஸிஜன் குறையும் என்று பொதுவாகச் சொல்கிறோம். காற்றில் அதன் பங்கு எந்த உயரத்திலும் ஏறத்தாழ 21 விழுக்காடுதான். குறைவது காற்றின் அழுத்தம். 5,500 மீட்டரில் அது கடல்மட்டத்தில் உள்ளதில் பாதியளவே இருக்கும். 5,364 மீட்டரில் இருக்கும் அடிவார முகாம் அதற்குச் சற்றுக் கீழே. உடல் இதை ஈடுகட்ட மூச்சை வேகப்படுத்துகிறது. அப்படி வேகப்படுத்தும்போது கரியமில வாயு அளவுக்கு அதிகமாக வெளியேறி இரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. உடனே மூளை மூச்சை மட்டுப்படுத்தப் பார்க்கிறது. சிறுநீரகங்கள் இரத்தத்தில் உள்ள காரப்பொருளான பைகார்பனேட்டை வெளியேற்றி அந்தச் சமநிலையைச் சரிசெய்த பிறகே மூச்சு தேவையான அளவுக்கு ஆழமாக ஓடத் தொடங்கும். அதற்குச் சில நாட்கள் பிடிக்கும். நுரையீரலை அவசரப்படுத்தலாம், சிறுநீரகத்தை அவசரப்படுத்த முடியாது. ஆறு மாத ஓட்டம் என்னைக் காப்பாற்றாததற்கு இதுவே காரணம். சொல்லப்போனால், பழகாத உயரத்துக்கு மற்றவர்களைவிட விரைவாக என்னைக் கொண்டு சேர்த்ததே அந்த ஓட்டம்தான்.

ஆகவே இந்த முறை அழைத்துச் செல்லும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது விளம்பரப் படங்களைப் பார்க்காமல் பயண அட்டவணையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் இடத்தின் உயரம் ஓர் இரவுக்கும் அடுத்த இரவுக்கும் இடையே 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஏறாமல் ஒரு நாள் தங்க வேண்டும் என்பது மலை மருத்துவர்கள் பரவலாக ஏற்றுக்கொண்ட அளவுகோல். பகலில் எவ்வளவு உயரம் ஏறி இறங்குகிறோம் என்பதைவிட இரவில் எங்கே படுக்கிறோம் என்பதே இங்கே கணக்கு. நேபாளத்தில் நடை தொடங்கும் ஊரான லுக்லாவிலிருந்து செல்லும் வழக்கமான பாதையில் 3,440 மீட்டரில் உள்ள நாம்சே பஜாரிலும் 4,410 மீட்டரில் உள்ள டிங்போச்சேவிலும் இரண்டிரண்டு இரவுகள் தங்குவது இதற்காகத்தான். டிங்போச்சேவிலிருந்து 4,940 மீட்டரில் உள்ள லொபூச்சேவுக்குச் செல்லும் நாளில் அந்த 500 சற்று மீறப்படுகிறது என்பதால், அதற்கு முந்தைய ஓய்வு நாளை வெட்டியிருந்த மலிவான அட்டவணைகள் இரண்டை அப்போதே ஒதுக்கிவிட்டேன். நாள் குறைந்த பயணம் லாபமானது என்ற எண்ணம் மலையில் செல்லாது. கிளிமஞ்சாரோவில் 5,895 மீட்டர் உச்சியை ஐந்தே நாட்களில் தொட்டுத் திரும்பும் திட்டங்களைவிட ஏழெட்டு நாள் திட்டங்களில் உச்சியை எட்டுபவர்கள் அதிகம் என்பதும் இதே கணக்கின் மறுபக்கம்தான்.

நிறுவனத்திடம் நான் கேட்ட கேள்விகள் குறைவு. ஒருவர் நோயுற்றால் அவரோடு கீழே இறங்கத் தனியாக ஒரு துணை வழிகாட்டி இருப்பாரா? திரும்பிப் போகச் சொல்லும் அதிகாரம் யாருக்கு? சுமை தூக்குவோருக்கு குளிருக்கான உடையும் காப்பீடும் உண்டா? மூன்றாவது கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்த இடத்தில் பேச்சை முடித்துக்கொண்டேன். தன் ஆட்களையே கவனிக்காதவர்கள் என்னைக் கவனிப்பார்கள் என்று நம்ப எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

உடற்பயிற்சியை விட்டுவிடவில்லை, அதன் நோக்கத்தைத்தான் மாற்றினேன். வேகம் தேவையில்லை, நாளொன்றுக்கு ஆறேழு மணி நேரம், அடுத்தடுத்து பன்னிரண்டு நாட்கள், மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே நடக்கக்கூடிய உடல்தான் தேவை. வாரத்தில் மூன்று நாட்கள் முதுகில் ஏழெட்டு கிலோ சுமையோடு படிக்கட்டு ஏறி இறங்குகிறேன். ஏறுவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். முழங்காலை உண்மையில் பழிவாங்குவது இறக்கம். இறங்கும்போது தொடைத் தசைகள் நீண்டுகொண்டே எடையைத் தாங்க வேண்டியிருப்பதால் அவற்றில் நுண்ணிய கிழிசல்கள் ஏற்பட்டு, இரண்டு நாள் கழித்து உட்காரவும் எழவும் முடியாதபடி வலிக்கும். அந்த வலிக்குத் தசைகளை முன்பே பழக்கிவிட முடியும் என்பது நல்ல செய்தி. முதல் இரண்டு வாரங்கள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்கினேன், இப்போது அப்படியில்லை. வார இறுதியில் ஒருநாள் நீண்ட நடை, மறுநாளும் அதே நீளம். முதல் நாளின் களைப்பு தீராத கால்களோடு இரண்டாம் நாள் நடப்பதுதான் பயிற்சி.

பொருட்களில் பூட்ஸ் ஒன்றைப் பற்றி மட்டும் நீட்டிச் சொல்ல வேண்டும். மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், மலையில் அணியப்போகும் அதே காலுறையுடன் போட்டுப் பார்த்து, பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரலளவு இடம் இருக்குமாறு வாங்கினேன். இறக்கத்தில் விரல் முன்பக்கம் இடித்தால் நகம் கறுத்துவிடும் என்பதைச் சென்ற முறையே கற்றுக்கொண்டாயிற்று. வாங்கியது முதல் எல்லாப் பயிற்சியும் அதிலேயே நடக்கிறது. மற்றபடி உடைகள் அடுக்கடுக்காக இருக்க வேண்டும், உடலை ஒட்டிய அடுக்கில் பருத்தி கூடாது. வியர்வையில் நனைந்த பருத்தி காய்வதற்குள் குளிர் பிடித்துவிடும். கறுப்புக் கண்ணாடி புற ஊதாக் கதிரை முழுமையாகத் தடுப்பதாகவும் பக்கவாட்டிலும் மறைப்பதாகவும் இருக்க வேண்டும், ஏனெனில் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் அக்கதிரின் தாக்கம் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது, புதுப்பனி அதைத் திருப்பி முகத்தில் வீசுகிறது. ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது அதில் அச்சிட்டிருக்கும் இரண்டு வெப்பநிலைகளில் வசதியாகத் தூங்கும் அளவைப் பாருங்கள். மற்றொன்று, சுருண்டு படுத்துத் தாக்குப்பிடிக்கும் எல்லை. இவ்வளவும் ஒரு பையில் அடங்கி, அந்தப் பை பத்து கிலோவைத் தாண்டாமல் இருக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டு பயணிகளின் பைகளை ஒரே மனிதர் சுமக்கிறார் என்பதை நினைத்துக்கொண்டால் மூன்றாவது மேலாடை தானாக வெளியே வந்துவிடும்.

மருந்து பற்றி மருத்துவரிடம் நேரில் பேசினேன். முன்பு உயர நோய் வந்தவன் என்பதால், ஏறத் தொடங்குவதற்கு முந்தைய நாளிலிருந்து அசிட்டசோலமைடு 125 மில்லிகிராம் காலையும் இரவும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியேற்றும் அந்த மெதுவான வேலையைத்தான் இம்மருந்து முடுக்கிவிடுகிறது. நோயின் அடையாளத்தை மறைப்பதில்லை. சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் இதைத் தொடுவதற்கு முன் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். ஊரிலேயே இரண்டு நாள் எடுத்துப் பார்த்தேன்: விரல்நுனிகள் மரத்தது போல் குறுகுறுத்தன, சிறுநீர் அடிக்கடி வந்தது. இரண்டையும் மலையில் முதன்முறையாகச் சந்தித்திருந்தால் பயந்திருப்பேன். விரலில் மாட்டினால் இரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவை விழுக்காட்டில் காட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரையும் வாங்கிவிட்டேன், ஆனால் அதை நம்பி இருக்கப்போவதில்லை. அந்த உயரத்தில் எண் எண்பதுகளில் இருப்பது இயல்பு, குளிர்ந்த விரலில் அது பொய்யும் சொல்லும். தலைவலியோடு குமட்டலோ, மிகுந்த சோர்வோ, தலைச்சுற்றலோ சேர்ந்தால் அதற்கு மேல் ஏறக் கூடாது. நடை தள்ளாடினால் மூளை வீங்குகிறது என்றும், ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் கோக்கிறது என்றும் கொண்டு, இருட்டாக இருந்தாலும் இறங்க வேண்டும். இந்த இரண்டு வரிகளும் எந்தக் கருவியையும்விடப் பயனுள்ளவை. காப்பீட்டுப் பத்திரத்தையும் ஒரு முறை முழுதாகப் படித்துவிடுங்கள். பல காப்பீடுகள் ஒரு குறிப்பிட்ட உயரத்தோடு நின்றுவிடுகின்றன, ஹெலிகாப்டர் மீட்பைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கலாம்.

வழிகாட்டிக்கு மலை தெரியும், வானிலை தெரியும், நூறு பேரின் நடையைப் பார்த்த கண்ணும் உண்டு. என் தலைக்குள் வலிப்பதை மட்டும் நான் சொன்னால் ஒழிய அவருக்குத் தெரிய வழியில்லை. அதற்காக ஒரு சிறு பயிற்சியையும் சேர்த்திருக்கிறேன். ஒவ்வொரு மாலையும் நடை முடிந்ததும் தலை, வயிறு, மூச்சு, தூக்கம் நான்கையும் பற்றி ஒவ்வொரு வரி எழுதி, உடன் வரும் நண்பரிடம் வாய்விட்டுப் படிக்கிறேன், அவரும் படிக்கிறார். முதலில் சிரிப்பாக இருந்தது. இப்போது "இன்று முழங்கால் சரியில்லை" என்று சொல்வதற்கு இருவருக்குமே தயக்கம் இல்லை.

நேற்று நிறுவனத்தின் உடல்நலப் படிவம் வந்தது. முன்பு உயர நோய் வந்ததுண்டா என்ற கட்டத்தில், வந்த உயரம், நாள், கீழே இறங்கி எத்தனை மணி நேரத்தில் தெளிந்தது என்பதோடு, மறைத்தேன் என்பதையும் எழுதி அனுப்பினேன். இரவே வழிகாட்டியிடமிருந்து பதில் வந்தது: முதல் மூன்று நாட்கள் நான் அவருக்குப் பின்னால்தான் நடக்க வேண்டுமாம்.